தம்பி குடிக்க வேண்டிய தண்ணீர்

இன்னும் ஒருவர் குடித்துவிட்டார். வடக்குச் சீமையின் யானைப்படைக் கிழவர். சங்கை இரண்டு கைகளாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்து குடிக்கிற குழந்தையைப் போல ஒரே மடக்கு. மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டார். நரைத்த குடுமியிலிருந்து வழிந்த தண்ணீர் காது மடலில் ஒரு கணம் தயங்கி நின்று, தோளின் வெள்ளைத் துணியில் சொட்டியது. நான் தலையசைத்தேன், மகுடம் நழுவாத அளவுக்கு. அவர் ஈரத் தலையோடு இடப்பக்கம் போய் மற்ற ஈரத் தலைகளோடு உட்கார்ந்தார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. வரிசையின் கடைசியில் நிற்கிற என் தம்பியும் ஓர் அடி நகர்ந்தான். அவனைப் பார்க்கக்கூடாது என்று காலையிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் பார்க்காமலிருக்கிற ஒவ்வொரு முறையும் அவன் எங்கே நிற்கிறான் என்பது என் கழுத்துக்குத் தெரிகிறது. அகில் புகை கண்ணைக் கரிக்கிறது. வெளியே ஆறு கடலில் சேருகிற இடத்தில் அந்த ஓயாத இரைச்சல். மழைக்காலம் பிறக்கும் முன் வருகிற வளர்பிறையில், ஆள்பவரின் கண்முன்னால் படைத்தலைவர்களும் துறைத்தலைவர்களும் சத்தியத் தண்ணீர் குடிப்பது இந்த நாட்டில் யாரும் நினைவு வைத்திராத காலத்திலிருந்து நடக்கிறது. மலைச்சுனைத் தண்ணீரை முதல் ராஜாவின் வாள்மீது ஊற்றி, பிறகு சாபங்கள் வெட்டிய கல்லின்மீது ஊற்றுவார்கள். ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நுழைந்து நிறைந்து வழிந்து, கீழே கல் நாகத்தின் வாய் வழியாகத் தொட்டியில் விழும். குடித்தவன் துரோகம் செய்தால் அந்த எழுத்துகள் அவன் குடலுக்குள் எழுந்து நிற்கும், வயிறு வீங்கிச் சாவான். குடிக்க மாட்டேன் என்பவன் நின்ற இடத்திலேயே துரோகி. மற்றவர்களுக்கு வாள். ராஜ ரத்தம் மட்டும் மண்ணில் சிந்தக்கூடாது, ஆகவே ராஜ ரத்தம் உள்ளவனை வெள்ளைப் பட்டில் சுற்றி முகத்துவாரத்தில் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள், மிகுந்த மரியாதையோடு, முழங்காலிட்டு, ஒரு பல்லக்கை இறக்குவதைப் போல. என் கணவரின் தாய்மாமனை வேறொரு துரோகத்துக்காக அப்படி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பட்டு உடனே முழுகாது. உள்ளே இருக்கிற மூச்சு அதைக் கொஞ்ச நேரம் மிதக்கவைக்கும். புடைத்து, அசைந்து, ஓர் அழகான பெரிய பூவைப் போல. இதை ஏன் இப்போது நினைக்கிறேன். வரிசை நகர்கிறது. நினைக்காதே.

ராஜ ரத்தம் உள்ளவர்கள் இந்தத் தண்ணீரைக் குடிக்கிற வழக்கம் இல்லை. ரத்தமே சத்தியம் என்பார்கள். இந்த வருடம் அதை மாற்றினேன். நான்தான் மாற்றினேன், வேறு யாரும் இல்லை. சபையில் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இந்த நாட்டில் ரத்தம் தாய்வழியில் வருவது, என் தாயின் ரத்தத்தில் இப்போது உயிரோடிருப்பது இரண்டே பேர், நானும் தம்பி பத்ரனும். ஆள்பவள் குடிக்க வேண்டியதில்லை. ஆகவே ராஜ ரத்தமும் குடிக்க வேண்டும் என்ற என் கட்டளைக்கு ஒரே அர்த்தம், ஜயபத்ரன் குடிக்க வேண்டும். எல்லோருக்கும் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. மந்திரி தரணிசேனர் மட்டும் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார், பத்ரனைப் பற்றிய செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் அவர் என்பதால். "யானை பிடிக்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள், தேவி." எதைப் பார்த்தார்கள் என்றேன். "மலைக்கு அந்தப் பக்கம், உப்புப் பாறைக்குக் கீழே, ஏரிநாட்டுத் தளபதியும் நம் இளையவரும். ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தார்கள்." வாய் உலர்ந்திருக்கும், வெற்றிலை போட்டிருப்பான் என்றேன். "வாய் உலர்ந்தவர் தன் பெட்டியிலிருந்து போடுவார்" என்றார் அவர். ஒரே தட்டில் வெற்றிலை எடுத்த இரண்டு ஆண்கள் ஒரே காரியத்தில் இறங்கியவர்கள். இதைச் சின்னக் குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம் பகைவன் ஏரிநாட்டு ராஜா வெற்றிலை கொடுத்தால் பின்னாலேயே யானைகளையும் கொடுப்பான். வடக்குக் கணவாய் பத்ரனின் காவலில் இருக்கிறது. கணவாய் திறந்தால் நெல் அறுப்பதற்குள் இந்த ஊர் சாம்பல். அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து நான் கண்டுபிடித்த வழி இந்தத் தண்ணீர். அவனுக்குத் தண்ணீரில் பயம் உண்டு. சத்தியத் தண்ணீரில் அவனுக்கு இருக்கிற பயம் எனக்குக்கூட இல்லை. குடிக்க வேண்டும் என்று கட்டளை போட்டால் பயந்து, நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெட்டு, ஒரு நாள் வந்து என் மடியில் தலையைப் போட்டுச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அக்கா, தப்புப் பண்ணிட்டேன். அவ்வளவு போதும். அவனைத் தீவில் இருக்கிற மடத்துக்கு அனுப்பிவிடலாம், தலையை மழித்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும், உயிரோடு. அது ஒரு வாசல் என்றுதான் நினைத்தேன். அவன் உள்ளே வருவதற்கு நான் திறந்துவைத்த வாசல். அவன் வரவில்லை. இப்போது அந்த வாசலில் நாங்கள் இரண்டு பேரும் சிக்கிக்கொண்டு நிற்கிறோம்.

வரவில்லை என்று எப்படிச் சொல்வது, நேற்று வந்தானே. மத்தியான வெயிலில், முன்னறிவிப்பு இல்லாமல், எப்போதும் போலச் செருப்பைச் சமையற்கட்டு வாசலில் உதறிவிட்டு வந்தான். என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்து, "சுண்ணாம்பு காஞ்சு கல்லாக் கிடக்கு. ராஜ்யத்தையே காக்கறவளுக்கு ஒரு சுண்ணாம்பைக் காக்க முடியல" என்றான். உன்னைப் போல ஒருத்தன் வந்து தினமும் திறந்து வைத்துவிட்டுப் போனால் காயாமல் என்ன செய்யும் என்றேன். சிரித்தான். மாங்காய்க் கீற்றை உப்பில் தொட்டுத் தின்றான். ஒரு கையால் மீசையை நீவிக்கொண்டே, "இது முளைச்சதும் உனக்கு நாற்காலின்னு சபையில சொன்னாங்க. இப்ப இதுல வெள்ளை முடி வந்தாச்சு, பாரு" என்றான். வருடா வருடம் சொல்கிற வேடிக்கைதான். நானும் வருடா வருடம் சொல்கிற பதிலையே சொன்னேன், "மீசை முளைச்சா போதாது தம்பி, அதுக்குக் கீழ இருக்கற வாய் மூடியிருக்கவும் தெரியணும்." அதற்கும் சிரித்தான், ஆனால் மாங்காயை மெல்லுகிற தாடை ஒரு தரம் நின்று பிறகு அசைந்தது. நான் காத்திருந்தேன். விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன், தோழிப் பெண்களை வெளியே போகச் சொன்னேன், மடியைக்கூட ஒழுங்கு செய்துகொண்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஒரு தலை வந்து விழுவதற்காக மடியை ஒழுங்கு செய்கிற கிழவி. அவன் எழுந்தான். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "தண்ணி ரொம்பக் குளிருமா அக்கா?" என்றான். "கொஞ்சம்" என்றேன். அவ்வளவுதான். நான் கேட்டிருக்கலாம். ஒரே கேள்வி. உப்புப் பாறையில் யாரோடு வெற்றிலை போட்டாய். நாக்கு நுனியில் இருந்தது. கேட்டிருந்தால் அவன் இல்லை என்று சொல்லியிருப்பான், இல்லை என்று அவன் பொய் சொல்கிற முகத்தை நான் பார்த்திருப்பேன், பார்த்த பிறகு நான் ராணியாக இருக்க வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் என்றேன். கொஞ்சம் குளிரும். போய் வா.

தெற்குத் துறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மீன் நாற்றம் வெள்ளைத் துணியையும் மீறி வருகிறது. தெற்குத் துறை என்றால் எனக்கு அதன் பழைய தலைவர் பூமிஜயரின் வயிறுதான். நல்ல உயரமான ஆள், சிரித்தால் கறுப்புச் சாயம் ஏற்றிய பற்கள் மினுங்கும். இதே தொட்டியில் குடித்தார், இதே இடத்தில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டார், பிறகு கடற்கொள்ளைக்காரர்களுக்குத் துறையைத் திறந்துவிட்டார். மழை முடிவதற்குள் வயிறு வீங்கிச் செத்தார். பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள், தோல் விரிந்து அதில் பச்சை நரம்புகள் எழுத்து எழுத்தாக நின்றனவாம். ஊர் நடுங்கியது. அந்த வருடம் எல்லாச் சீமைகளும் சொல்லாமலே கப்பம் கொண்டுவந்து கொட்டின. நான் நந்தவனத்தில் நின்றிருந்தபோது தரணிசேனர்தான் செய்தி கொண்டுவந்தார். "தண்ணீருக்கு எல்லாம் தெரியும்" என்றேன் நான், மனம் நிறைந்து. அவர் ஒரு காய்ந்த இலையைச் செடியிலிருந்து கிள்ளினார். "தெரியும் தேவி. ஆனால் தண்ணீருக்குக் கை கிடையாது" என்றார். யார் கை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு என் உள்ளங்காலிலிருந்து ஏறிய குளிர் இப்போதும் ஏறுகிறது. அப்படியானால் தண்ணீர் என்பது வெறும் தண்ணீரா. மலையிலிருந்து குடத்தில் வருகிற, பாசி வாசனை அடிக்கிற, வெறும் தண்ணீர். இல்லை, எனக்கு அப்படி நினைக்க வராது. என் அம்மாவின் அம்மா அதன் முன்னால் நடுங்கினாள். அது கொல்லும். அது கொல்லாவிட்டால் தரணிசேனர் கொல்லுவார். இரண்டில் எது முந்தினாலும் பத்ரன் சங்கை வாயில் வைக்கிற நாளிலிருந்து அவன் சோற்றை நான் பயத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டும், அவன் இடுப்புக் கச்சையை, அவன் கன்னத்தின் நிறத்தை. தரணிசேனரிடம் நான் வேண்டாம் என்று சொல்லலாம். எதை வேண்டாம் என்பது? ஒருநாளும் பேசிக்கொள்ளாத ஒன்றை எப்படி வேண்டாம் என்பது? அப்படிச் சொன்னால் அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார். தேவி, சத்தியம் தவறியவன் மழைக்குப் பிறகும் குதிரை ஏறிச் சுற்றினால், அடுத்த வளர்பிறையில் இந்தச் சங்கை யார் பயத்தோடு தொடுவார்கள் என்பார். சரியாகத்தான் சொல்வார். எனக்கென்று படை இல்லை. யானைகள் வடக்குச் சீமைக்காரருடையவை, படகுகள் துறைத்தலைவர்களுடையவை, நெல் கோவில்களுடையது. ஒரு விதவை இந்த மேடையில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது இந்தத் தொட்டித் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருப்பதுதான்.

குடித்தால் சாவான். குடிக்காவிட்டால் பட்டு. குடித்தால். குடிக்காவிட்டால். ஊசல் ஆடுவது போல இல்லை இது, செக்கு மாடு சுற்றுவது போல. அதே தடம், அதே சாணி, கண்ணைக் கட்டியிருப்பதால் போய்க்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. நான் மயங்கி விழுந்தால்? சடங்கு நின்றுவிடுமா? நிற்காது. ஆள்பவரின் வாளை இருக்கையில் வைத்து நடத்துவார்கள், என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் நடத்தினார்கள். கட்டளையை இப்போதே, இந்த இடத்திலேயே திரும்பப் பெற்றால்? ராஜ ரத்தம் குடிக்க வேண்டாம், பழைய வழக்கமே இருக்கட்டும். எல்லோரும் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். ஏன் பின்வாங்கினாள் என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. மாலைக்குள் யாராவது ஒருவன் நாட்டுப் பற்றோடு அவன் முதுகில் கத்தியைச் சொருகுவான், நான் அவனுக்குப் பரிசும் தர வேண்டும். ஒருவேளை யானை பிடிக்கிறவர்கள் பார்த்தது வேறு யாரையோ இருக்கலாம். இருக்கலாம். தரணிசேனருக்கு என் தம்பியைப் பிடிக்காது. அப்படியானால் அவன் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவான், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது, ஆகாது, பார், அவன் கழுத்தைப் பார், பார்த்துவிட்டேன். வியர்வை. எல்லோருக்கும் வியர்க்கிறது, எனக்கும் மகுடத்துக்கு அடியில் ஊறி வழிகிறது. ஆனால் அவன் எச்சில் விழுங்குகிறான். தொண்டை மேலே போய்க் கீழே வருகிறது, மறுபடியும் மேலே. சின்ன வயதில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இப்படித்தான். அம்மா இவனைப் பெற்றதும் போய்விட்டாள். நான் கல்யாணமாகி யானைமேல் இந்த ஊருக்குள் வந்தபோது இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன், தெருவில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ராஜாவுக்கு அவசரம்தான், பொண்ணு இடுப்புல பிள்ளையோடயே வர்றா என்று. தலைக்கு ஊற்றினால் மூச்சு நின்றுபோகும் என்று அலறுவான். என் உள்ளங்கையை அவன் நெற்றியில் கூரை மாதிரி வைத்துக்கொண்டு ஊற்றுவேன். முகத்தில் படாது. ஒரு சொட்டுக்கூடப் படாது. இந்த மண்டபத்தில் ஒரு ராணி தன் கையை எங்கே கொண்டுபோய் வைப்பாள். பட்டு புடைத்து அசைகிறது. அழகான பெரிய பூ. நினைக்காதே என்றேனே. பட்டுக்குள் இருட்டாக இருக்குமா, வெள்ளையாக இருக்குமா? பகலில் இறக்கினால் வெளிச்சம் உள்ளே வரும். வெளிச்சத்தோடு தண்ணீரும் வரும்.

முன்னால் ஏதோ சலசலப்பு. வரிசை நின்றிருக்கிறது. பத்ரனுக்கு முன்னால் ஒரு பெண், வெள்ளைத் துணியை ஆண்களைப் போல இடது தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கப்பல் தலைவனின் மனைவி கெமலா, எனக்குத் தெரியும், துறைமுகத்தில் உப்பு மண்டி வைத்திருப்பவள், வாய்க்காரி. புரோகிதர் ஈசானர் சங்கைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார், "உன் புருஷன் எங்கே?" "கடல்ல இருக்காரு ஐயா. அகில் கட்டை ஏத்திக்கிட்டுப் போனவரு. காத்து திரும்பினாத்தான் அவரும் திரும்புவாரு." "அவன் தண்ணீரை நீ குடிப்பாயா?" "அதுக்குத்தானே தலைக்கு எண்ணெய்கூட வைக்காம வந்து நிக்கறேன்." ஈசானர் விதியைச் சொன்னார், கல்லில் கடைசி வரியாக வெட்டியிருப்பது, வரமுடியாதவனுக்காக அவன் வீட்டார் குடிக்கலாம், குடித்தால் சத்தியம் அவனைக் கட்டும், ஆனால் அவன் தவறினால் சாபம் குடித்தவரைச் சேரும். "அவன் எங்கேயோ துரோகம் செய்தால் வீங்குவது உன் வயிறு. தெரிந்துதான் குடிக்கிறாயா?" கெமலா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "நிறையப் பெத்த வயிறு ஐயா. வீங்கறதெல்லாம் அதுக்குப் பழக்கம்தான்." ஈரத் தலைகள் எல்லாம் குலுங்கின. ஈசானர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சங்கை வாங்கிக் குடித்தாள், மிச்சத்தை ஊற்றிக்கொண்டாள், முகத்தைத் துடைக்காமல் என்னை நேராகப் பார்த்தாள், கடலில் எங்கேயோ இருக்கிற ஒருவன்மேல் அத்தனை நம்பிக்கை. இல்லை, நம்பிக்கை இல்லை. அவன் தப்பு செய்ய நினைத்தால் இந்த வயிறு அவன் ஞாபகத்துக்கு வரும், அதைத்தான் அவள் குடித்தாள். நான் தலையசைக்க மறந்துபோனேன். தரணிசேனர் செருமினார். அசைத்தேன். அவன் தப்பு செய்ய நினைத்தால். அவன் வீட்டார் குடிக்கலாம். வரமுடியாதவனுக்காக என்று அல்லவா கல் சொல்கிறது, இவன் வந்து நிற்கிறானே. வந்து நிற்கிறானா? நேற்று என் வாசல்வரை வந்தவன், வரமுடியாமல்தானே திரும்பிப் போனான்.

பத்ரன் முன்னால் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, வாசலும் வெயிலும்தான். ஈசானர் தொட்டியில் சங்கை முக்குகிறார். முக்குகிற அந்தச் சின்னச் சத்தம், களக் என்று. பத்ரன் சங்கை வாங்கினான். தண்ணீர் நடுங்குகிறது. குனிந்து அதற்குள் பார்த்தான். மண்டபம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. தூக்கவில்லை. இன்னும் தூக்கவில்லை. காவல் தலைவனின் கை வெள்ளைப் பட்டு மூட்டையின் பக்கம் போகிறது. மூட்டை அங்கேதான் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் வழக்கத்துக்காக மடித்து வைத்திருப்பார்கள், இந்த வருடம் அதைப் பார்க்காமலே வந்து உட்கார்ந்தேன். பத்ரன் நிமிர்ந்தான். "கொஞ்சம்தான் குளிரும்னியே அக்கா" என்றான், தாழ்ந்த குரலில். சபையில் அவன் என்னைத் தேவி என்றுதான் சொல்ல வேண்டும். அக்கா என்றான். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, உப்புப் பாறையில் வெற்றிலை எடுத்தவன் இவன்தான். தெரிந்துவிட்டது, இவனால் குடிக்க முடியாது. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிகிறது. ஆள்பவள் இந்த மேடையிலிருந்து சடங்கு முடியும் முன் இறங்கியதில்லை; படிகள் இத்தனை உயரம் என்று எனக்குத் தெரியாது. "தேவி" என்கிறார் தரணிசேனர். "தேவி, வேண்டாம்." வேண்டாம் என்றே சொன்னார், அந்த மனிதர் யாரிடமும் சொல்லாத சொல். கல் ஈரமாக இருக்கிறது, வெறுங்காலில் குளிர் ஏறுகிறது. ஈசானரிடம் சொன்னேன், குரல் எனக்கே வேறொருத்தியுடையதாகக் கேட்டது, "இவனுக்கு வேறு வீட்டார் இல்லை. இவன் தண்ணீரை நான் குடிக்கிறேன்." ஈசானர் கல்லைப் பார்த்தார். கல்லில் ஆள்பவள் குடிக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை, குடிப்பாள் என்று யாரும் நினைக்காததால். "அவர் தவறினால்..." என்று ஆரம்பித்தார். "தெரியும்" என்றேன். தம்பியின் விரல்களிலிருந்து சங்கை எடுத்தேன். விட்டுவிட்டான். உடனே விட்டுவிட்டான்.

வாய் நிறைய வாங்கிக்கொண்டேன். கல்லின் சுவை, இரும்பின் சுவை, அடியில் ஏதோ ஓர் இலை அழுகிய இனிப்பு. பற்களில் குளிர் ஏறுகிறது. இன்னும் விழுங்கவில்லை. இப்போது அவனைப் பார்க்கலாம், இப்போது எனக்கு அந்த உரிமை உண்டு. நான் செய்தது இவனுக்குப் புரியும். இனி இவன் கணவாயைத் திறந்தால் செத்துப்போவது அக்கா. இனி இவனால் முடியாது. இவன் முகம் உடையும், முழங்கால் மடங்கும், வேண்டாம் அக்கா துப்பிடு என்பான், சங்கைத் தட்டிவிடுவான், அப்போது எல்லாம் முடிந்துவிடும், தீவு, கடல், மழித்த தலை. பார்த்தேன். அவன் தோள்கள் இறங்கியிருந்தன. நெற்றியில் இருந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது. மேடேறி வந்தவன் மூட்டையை இறக்கி வைத்ததும் விடுகிறானே, அந்த மூச்சை மெதுவாக, சத்தமில்லாமல் விட்டான். கன்னத்தில் ரத்தம் திரும்ப வந்தது. நிம்மதி. வேறொன்றும் இல்லை, வெறுப்புகூட இல்லை, இருந்திருந்தால் எனக்கு அதிலாவது ஏதாவது கிடைத்திருக்கும். வெறும் நிம்மதி, தலையில் தண்ணீர் படாமல் தப்பித்த பிள்ளையின் நிம்மதி. என்னை அவன் அன்போடுதான் பார்க்கிறான். கண் கலங்கிக்கூட இருக்கிறது. அந்தக் கண்களுக்குள் கணவாயின் கதவுகள் விரியத் திறந்து கிடக்கின்றன. தரணிசேனரும் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு, மெதுவாக, வேறு வழியில்லாத ஒரு மனிதரின் மரியாதையோடு, என் வயிற்றைப் பார்த்தார். துப்பிவிடலாம். தண்ணீர் இன்னும் என் நாக்கின் மேல்தான் இருக்கிறது. துப்பினால் குடிக்காதது போல, சங்கு திரும்ப அவன் கைக்குப் போகும், அவனால் குடிக்க முடியாது, காவல் தலைவன் பட்டை உதறி விரிப்பான், கணவாய் பிழைக்கும், யானைப்படைக் கிழவரும் கெமலாவும் கெமலாவின் பிள்ளைகளும் பிழைப்பார்கள், நாடு பிழைக்கும். ஒரு ராணிக்கு இது எவ்வளவு எளிது. உதட்டைத் திறந்தால் போதும். எல்லோரும் காத்திருக்கிறார்கள். வாயில் வெதுவெதுப்பாகிவிட்டது. கன்னங்கள் வலிக்கின்றன. அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான், மீசையில் அந்த ஒரே ஒரு வெள்ளை முடியோடு. நாட்டுக்காகத் துப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது சாகும்வரை தெரிந்துகொண்டே இருக்கும்.

விழுங்கினேன்.